செருப்பை ஒளித்துவைத்த மருமகன்

நான்கு வருஷம் எனக்கு மருமகனாக இருந்தவர் அவர். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சிவகாசியில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். மீதிப் பாதிப் பேர் யாரென்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சாபீசில் மிஷின் ஓட்டினார். நகக்கண்ணில் எப்போதும் நீலமோ சிவப்போ மை ஒட்டியிருக்கும். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அடையாளம் இவ்வளவு போதும்.

மறுவீட்டு விருந்தன்றே எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பதற்றத்தில் கறிக்குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். புது மருமகன் மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இப்படி ஒரு குழம்பு நான் பொறந்ததுலேருந்து சாப்பிட்டதில்ல, அத்தை."

"நானும்தான் சாப்பிட்டதில்ல மருமகனே," என்றேன்.

பந்தியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஆத்தா இல்லாத குறை இன்னையோட தீந்துச்சு" என்றார். அவரைப் பெற்றவள் அடுத்த இலையில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. மகன் இப்படிப் பேசி அவளுக்குப் பழக்கம்போல. வந்த அன்றைக்கே என்னைக் கொண்டுபோய்க் கோபுரத்தில் வைக்கிறாரே, இறக்கிவிடும்போது ஏணி கொடுப்பாரா என்று அப்போதே நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் மாமியார் புத்தி என்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆட்களைப் பார்க்குமுன் வாசலில் கிடக்கிற செருப்புகளைத்தான் பார்ப்பார். யார் உள்ளே இருக்கிறார்கள், யார் கிளம்பிவிட்டார்கள் என்று ஒரு பார்வை. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது செருப்புக்குள் காலை நுழைத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

"எங்க போறீக அத்தை?"

"புளி வாங்கப் போறேன்."

"எப்ப வருவீக?"

"கடைக்காரன் எடை போட்ட உடனே வந்துருவேன். அவன் பொண்டாட்டி பேச ஆரம்பிச்சா கொஞ்சம் லேட்டாகும்."

கொஞ்சம் லேட்டானால் தெருமுனையில் வந்து நிற்பார். பார்த்தவர்கள் எல்லாரும் 'என்ன பாசம், என்ன பாசம்' என்றார்கள். எனக்கு மட்டும் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அவர் முகத்தில் இருந்தது பாசம் இல்லை. பயம். புளி வாங்கப் போனவளைப் பார்த்துப் பயப்படுகிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

என் மகள் பேச்சியின் செருப்பில் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போனது. தேடித் தேடிக் கடைசியில் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் கிடைத்தது. மாப்பிள்ளை விளையாட்டுக்கு ஒளித்துவைத்தாராம். எல்லாரும் சிரித்தோம். பிறகு அடிக்கடி காணாமல் போனது. ஒரு தடவை பரணில் இருந்தது. ஒரு தடவை வெறகுக்குள் இருந்தது. ஒரு நாள் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு அச்சாபீசுக்கே கொண்டுபோய்விட்டார். இன்னொரு நாள் பேச்சி பக்கத்து வீட்டுப் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு தட்டுத் தட்டென்று என் வீட்டுக்கு வந்தாள்.

"என்னடி இது, போலீஸ்காரர் செருப்பா?" என்று நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "சிரிக்காதம்மா. நேத்து ஒளிச்சு வைக்கல. அறுத்துப் போட்டுட்டாரு."

பேச்சி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். தீபாவளி சீசன் வந்தால் வேன் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் ரோட்டில் போய் நிற்பார். வேன் வந்ததும் டிரைவர் முன்னாலேயே, "எவன்கூட நின்னு பேசிட்டு வார?" என்று கேட்பார். வீட்டுக்குப் போனால் தட்டு பறக்கும். ஒரு தடவை டிவி உடைந்தது. மறுநாள் விடிந்ததும் கையில் அல்வாப் பொட்டலத்தோடு அவள் காலடியில் உட்கார்ந்து அழுவார். அல்வா வந்தால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

உடைத்தவர் அழுவதோடு நிறுத்தியிருந்தால் எங்களுக்குச் சீக்கிரம் புத்தி வந்திருக்கும். சில நாள் அழ மாட்டார். கோபித்துக்கொண்டு அவருடைய ஆத்தா வீட்டுக்குப் போய்விடுவார். அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். எங்கள் பக்கம் மருமகன் முறுக்கிக்கொண்டு போனால் அது அவர் உரிமை. மாமனார் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, வேட்டி துண்டு வைத்து எடுத்துக்கொண்டு போய் 'தப்பா நினைக்காதீக மாப்ளே' என்று கூப்பிட்டு வர வேண்டும். என் வீட்டுக்காரர் விருதுநகர் வத்தல் மண்டியில் வேலை பார்த்தவர். வத்தல் நெடியில் ஊறிய ஆள். கோபம் வராது, தும்மல்தான் வரும். அவர் ஒவ்வொரு தடவையும் தாம்பாளத்தைத் தூக்கினார். முதல் தடவை வேட்டி. அடுத்து வாட்ச். அப்புறம் உடைந்த டிவிக்குப் பதில் டிவி.

"டிவிய ஒடச்சது அவரு. வாங்கிக் கொடுக்கிறது நாமளா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைன்னா அப்படித்தான் இருப்பாக. நான் முறுக்கலையா உங்க அய்யாகிட்ட?"

"நீங்க முறுக்குனது ஒரு மோதிரத்துக்கு. இவரு எதுக்கு முறுக்குறாருன்னு அவருக்கே தெரியல, பாத்தீகளா?"

அவர் பார்க்கவில்லை. நோய் ஒன்று முறுக்கு வேஷம் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் அதற்குத் தட்டு வைத்துக்கொண்டே இருந்தோம்.

கல்யாணமாகி மூன்றாவது சீசன். அவர் ஒரு நாள் கம்பெனிக்கே போனார். கேட்டில் நின்ற போர்மேனைத் தனியே கூப்பிட்டு, "பேச்சி மடியில தீப்பெட்டி வச்சிட்டுத்தான் உள்ள போறா. வீட்டுச் சண்டையில எல்லாரையும் சேத்துக் கொளுத்திருவேன்னு சொன்னா. பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஏதோ கோள்மூட்டல் மாதிரித் தெரியும். எங்கள் பக்கம் இதைவிடப் பெரிய பழி கிடையாது. வெடிமருந்து இருக்கிற அறைக்குள் போகுமுன் வளையலைக்கூடக் கழற்ற வேண்டும். ஒரு அறைக்குள் நாலு பேர்தான் உட்காரலாம். அங்கே ஒருத்தி உசுரு இன்னொருத்தி கையில். பேச்சியை வேனில் வந்த அத்தனை பொம்பளைகள் முன்னாலும் நிறுத்திச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் போர்மேன் சொன்னார்: "இருக்கோ இல்லையோ, தாயி. இனிமே உன் பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா. நீ கெளம்பு."

அடுத்த கம்பெனிக்குப் போனாள். அங்கேயும் சேதி அவளுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. பேச்சி என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து தாம்பாளத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அதைப் பிடுங்கித் தண்ணிப் பானைக்கு மூடியாகப் போட்டேன்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. செல்போன் அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. மணி அடித்தால் நாலு வீடு எட்டிப் பார்க்கும். பேச்சி எடுத்தாள். கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஆனைக்குட்டம் டேம் மேல நிக்காராம். நான் போகலைன்னா இனி அவரைப் பாக்க முடியாதாம்."

"டேமுல தண்ணி எங்க கெடக்கு? மாடு மேயுது அங்க" என்றார் என் வீட்டுக்காரர். எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். உண்மைதான். அந்த வருஷம் மழை இல்லை. எனக்கும் சந்தேகம்தான். ஆனால் என் சந்தேகம் இரண்டு பக்கமும் வெட்டியது. நடிக்கிறாரோ என்று ஒரு நினைப்பு. நடிக்கவில்லை என்றால்? தண்ணி இல்லாத டேமிலும் மனுஷன் விழலாமே.

பேச்சி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நீ இரு. நான் போறேன்."

"உன்னைப் பாத்தா கோவப்படுவாரும்மா."

"படட்டும். கோவப்படுறதுக்கு உசுரு வேணும்ல."

ஆட்டோ பிடித்துப் போனேன். அணைக்கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரியிருந்தார். முகத்தில் பவுடர். சாகப்போகிறவர் பவுடர் போடுவாரா என்று என் புத்தி கேட்டது. கிட்டே போனால் இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்துக்கு யாரும் ஒப்பனை செய்ய முடியாது. நான் அவருக்கும் அணைப் பள்ளத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு வந்தீக? பேச்சி எங்க?"

"வீட்டுல இருக்கா. நான்தான் விடல."

"நான் செத்தாப் போதும்னு நெனைக்கிறீக."

"அப்படி நெனச்சா வீட்டுல படுத்துத் தூங்கியிருப்பேன். இந்த வெயில்ல முட்டிவலியோட எதுக்கு வாரேன்?"

என்னைப் பேசாத பேச்சில்லை. கிழட்டுச் சூனியக்காரி என்றார். குடும்பத்தைக் கெடுத்தவள் என்றார். கோபுரத்திலிருந்து இறக்கினார், ஏணி கொடுக்கவில்லை. பேசி முடித்துவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு கண் அழுதது. இன்னொரு கண் பேச்சி வருகிறாளா என்று ரோட்டைப் பார்த்தது. நான் இரண்டு கண்ணையும் பார்த்தேன். இரண்டுமே நிஜம்தான் என்று பட்டது.

"எந்திரிங்க மருமகனே. விருதுநகர்ல மனசுக்கு வைத்தியம் பாக்கிற டாக்டர் இருக்காராம். போவோம்."

"எனக்கு என்ன பைத்தியமா?"

"எனக்கு மூட்டுவலின்னு நானே சொல்லலாம். உங்களுக்கு என்னன்னு அவர்தான் சொல்லணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இனிமே எப்ப இப்படிப் போன் வந்தாலும் நான் வருவேன். ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். பேச்சி வர மாட்டா."

டாக்டர் அவரிடம் ரொம்ப நேரம் பேசினார். அப்புறம் என்னையும் கூப்பிட்டு இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். பார்டர் என்று முன்னால் வந்தது. சேலையில்தான் அதை நான் பார்த்திருக்கிறேன், ஆளுக்கு வருமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் தமிழில் சொன்னார்.

"யாராவது வீட்டைவிட்டுக் கெளம்புனா நமக்கு, போயிட்டு வருவாகன்னு தோணும். இவருக்குப் போயிட்டாகன்னு மட்டும்தான் தோணும். அந்தப் பயத்துல என்ன செய்யுறோம்னு தெரியாமச் செய்வார். பேசிப் பேசித்தான் சரிபண்ணணும். வருஷக்கணக்காகும்."

"தெரியாமச் செஞ்சா அது இவரு செஞ்சது இல்லைன்னு ஆயிருமா, டாக்டர்?"

அவர் பேனாவை மூடிவைத்தார். "ஆகாது பாட்டி. செஞ்சது இவர்தான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த டாக்டரை நம்பினேன். அதுவும் முக்கால்வாசிதான்.

சின்ன வயசில் இவரை ஒரு உறவுக்காரி வீட்டில் விட்டுவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிப்போன ஆத்தா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசில்தான் திரும்பி வந்தாளாம். டாக்டரிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார். உண்மையா என்று சம்பந்தியிடம் போய்க் கேட்டேன். அவள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். இலை தீர்ந்து வெறும் காம்பையும் ஆய்ந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மாதம் ஒரு தடவை அவரோடு விருதுநகருக்குப் போய்வந்தேன். பேச்சி போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டு, கையில் தாம்பாளம். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, பழம். மாமனார் செய்ததை இப்போது இவர் செய்கிறார்.

"அத்தை, நான்தான் டாக்டர்ட்ட ஒழுங்காப் போறேன்ல. பேச்சிய அனுப்பி வைங்க."

"வைத்தியம் உங்களுக்கு நடக்கு. பேச்சிக்கு என்ன கொண்டுவந்திருக்கீக?"

"பட்டு எடுத்திருக்கேன்."

"பட்டைக் கட்டிக்கிட்டு எங்க போவா? எந்தக் கம்பெனியும் அவளைச் சேக்க மாட்டேங்கான்."

"அது நோவுல செஞ்சது அத்தை. டாக்டரே சொன்னாருல்ல."

"நோவு உங்களுக்கு வந்துச்சு. வேலை அவளுக்குல்ல போச்சு."

அவர் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இப்ப நான் என்ன செய்யணும்?"

"அந்தக் கம்பெனி கேட்டுல போயி, அதே போர்மேன்கிட்ட, அந்த வேன்காரிக எல்லாரும் நிக்கும்போது சொல்லணும்."

"கேவலமாப் பாப்பாக."

"பாப்பாகதான்."

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, காலையில் கேட்டுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னார். அப்போதும் நம்பவில்லை. பேச்சியையும் கூட்டிக்கொண்டு போய், கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன்.

வந்தார். வேன்கள் வந்து பொம்பளைகள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். போர்மேன் முன்னால் போய் நின்று ஏதோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே, பின்னாடி கேக்கல!" என்றாள் ஒருத்தி.

அவர் திரும்பி நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "பேச்சி மடியில ஒண்ணும் இல்ல. அப்படி ஒரு பேச்சு அவ பேசவும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அவ வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க உசுரை வச்சு வெளாண்டீகளா?" என்றாள் அவளே. "நாங்க அந்தப் புள்ளைய அம்மணமா நிறுத்தாத குறையா நிறுத்துனோமே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவையும் வாங்கினார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் வலது கையையும் பார்த்துக்கொண்டேன். கல்லைக் கில்லை எடுத்துவிடக் கூடாதே.

போர்மேன் மரத்தடிக்கு வந்தார். "திங்கக்கெழமை வந்துரு தாயி."

அவர் பின்னாலேயே மருமகனும் வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் குழி விழப் பேச்சியைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன். வா, வீட்டுக்குப் போவோம்."

பேச்சி என் பின்னால் ஒதுங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சொன்னது நல்லது. அதுக்காக நான் வர மாட்டேன்."

"அப்ப எதுக்குச் சொல்ல வச்சீக?" என்று என் பக்கம் திரும்பினார்.

"பொய்யி சொன்னது உண்மைதான? அதுக்குத்தான்" என்றேன். வாய் சொன்னதே தவிர, கண் வேன் டிரைவர் எங்கே நிற்கிறார் என்று தேடியது.

அவர் விறுவிறுவென்று ரோடு வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். நான் பேச்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"அத்தை, எனக்கு உள்ள கெடந்து கொதிக்கு. பழையபடி என்னத்தையாச்சும் செஞ்சிருவேன்போல இருக்கு. டாக்டர்ட்ட போகணும். வாரீகளா?"

மகளைப் பிடிக்க முடியாதவர் தாயைப் பிடித்துக்கொள்கிறாரோ என்று தோன்றியது. செய்வதற்கு முன்னாலேயே வந்து சொல்கிறார், இது இத்தனை வருஷத்தில் முதல் தடவை என்பதும் தோன்றியது. பேச்சியைப் பார்த்தேன்.

"போயிட்டு வாம்மா. நான் வேன்ல வீட்டுக்குப் போயிக்கிறேன்" என்றாள். போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேன் போய்ப் புழுதி அடங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஓடவில்லை.

மெயின் ரோட்டில் விருதுநகர் பஸ் வந்தது. "ஏறுங்க மரு..." என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ஏறுங்க தம்பி" என்றேன். அவருக்குப் புரிந்தது. ஒரு நிமிஷம் படியில் காலை வைத்தபடி நின்றார். அப்புறம் ஏறினார்.

அவரை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். நான் இந்தப் பக்கம், காலை நீட்டி வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆமத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"என்னை நம்பலையா, அத்தை?"

"நம்பல, தம்பி. அதான் கூட வாரேன்."